நாலரை மீட்டரில் கெட்டித்தரை

அசையாதீங்க என்று கத்தினேன், எல்லாரும் நின்றுவிட்டார்கள். பாயைச் சுருட்டித் தலையில் வைத்திருந்தவர்கள், சோற்றுப் பானையை இடுப்பில் தாங்கியவள், ஆட்டைக் கயிற்றோடு இழுத்து வந்தவர், எல்லாரும் காலை வைத்த இடத்திலேயே வைத்தபடி. ஆடு மட்டும் என் பேச்சைக் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக இதே வார்த்தையைத்தான் ஊர் ஊராகக் கத்திக்கொண்டு திரிகிறேன், வீட்டில் நான் வாயைத் திறந்தாலே என் மகள் ஒற்றைக் காலில் சிலைபோல் நின்று காட்டிச் சிரிப்பாள். தரையில் இருபத்துநாலு ஜியோபோன் குத்தியிருக்கிறது, இரண்டு மீட்டருக்கு ஒன்று. எங்கள் ஆட்கள் அதைக் காது என்பார்கள். காதுகளையெல்லாம் ஒரு கறுப்புக் கேபிள் கோத்துக்கொண்டு வந்து என் மடியில் இருக்கும் லேப்டாப்பில் விடுகிறது. யாராவது காலை மாற்றி வைத்தால் போதும், காதுக்கு அந்தக் கால்தான் கேட்கும், சம்மட்டி கேட்காது. பத்து ஷாட் வேண்டும். ஒரே இடத்தில், இரும்புத் தட்டின் மேல், பத்து தடவை சம்மட்டி விழவேண்டும். பத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டினால் காற்றின் சத்தமும் கடலின் சத்தமும் தமக்குள் அடித்துக்கொண்டு அழிந்துபோய் மண் சொல்வது மட்டும் மிஞ்சும். மண் என்ன சொல்லப்போகிறது, நாலு வருடத்துக்கு முன்னால் சொன்னதையேதான் சொல்லப்போகிறது, அதைக் கேட்டு ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டு நாலரை மணி பஸ்ஸைப் பிடித்துத் திருச்சி போய்ச் சேரவேண்டும், அவ்வளவுதான். மணி மூன்றரை. புயல் விடிவதற்குள் கரையைக் கடக்கும் என்கிறார்கள். இந்தப் புன்னைக்குத்தகை ஊரில் அறுநூறு பேர் ராத்திரி இந்தப் புயல் பாதுகாப்புக் கட்டடத்துக்குள்தான் படுக்கப்போகிறார்கள். கட்டடத்தின் வடகிழக்கு மூலை இரண்டு விரல் கீழே இறங்கியிருக்கிறது. இது எந்த மண்மேல் நிற்கலாம் என்று அன்றைக்கு எழுதிக் கொடுத்தவள் நான்.

முதல் ஷாட் விழுந்தது. பாதத்துக்கு அடியில் ஒரு சின்ன உதை, அப்புறம் ஒன்றுமில்லை, திரையில் இருபத்துநாலு கோடும் முடி சிலிர்த்ததுபோல் எழுந்து அடங்கின. ஒரே குப்பை. காற்று. கடல் இங்கிருந்து ஐந்து கிலோமீட்டர், ஆனால் அது தரைக்குள்ளேயே உறுமுகிறது, திரையில் நெளிநெளியாக வருகிறது, வெறும் காதுக்குக் கேட்பதற்கு முன்னால் எனக்குக் கண்ணுக்குத் தெரிகிறது. சம்மட்டி தூக்குகிறவர் சவரிமுத்து. பஸ்ஸைவிட்டு இறங்கியதும் ஒரு ஆள் வேண்டும் என்றேன், கட்டடத்துச் சாவி வைத்திருக்கும் பாக்கியமேரி தன் தம்பியை அனுப்பினாள், நல்ல தோள், கட்டட வேலை பார்த்த கை, பார்த்ததும் தெரிந்தது. சம்மட்டிக் காம்பில், அடி விழும் கணத்தை லேப்டாப்புக்குச் சொல்லும் டிரிக்கர் ஒயரைச் சுற்றிக் கட்டும்போதுதான் சொன்னார், "இந்தத் தூணெல்லாம் நான் எழுப்புனதுதான் மேடம்." சும்மா பெருமைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். பாக்கியமேரிதான் பின்னாலிருந்து முடித்தாள், "மூல எறங்குனதுலேர்ந்து ஊர்ல ஒருத்தரும் இவன்கிட்ட ஒரு செவுரு வைக்கச் சொல்றதில்ல. சிமெண்ட வித்துட்டான்னு பேசுறாங்க. பொண்ணு குடுக்க வந்தவங்களும் திரும்பிப் போயிட்டாங்க." அவர் ஒயர் இறுக்கமாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். எங்கேயாவது ஒரு மேஸ்திரி சிமெண்டைக் குறைத்திருப்பான், ஊர் சொன்னால் ஏதாவது இருக்கும், இப்படித்தான் நினைத்தேன், அப்படி நினைப்பது எனக்குச் சௌகரியமாகவும் இருந்தது என்பதை இப்போது சொல்லிக்கொள்கிறேன், சொல்லிக்கொள்ள யாரும் கேட்கவில்லை. காற்று கொஞ்சம் ஓய்ந்தது. கையைத் தூக்கினேன். இரண்டாவது. உதை. கோடுகள். கைக்குட்டையால் திரையைத் துடைத்தேன், அழுக்கு திரையில் இல்லை.

இந்த வேலையை யாருக்காவது சொல்லவேண்டும் என்றால் பைபாஸ் ரோட்டைச் சொல்வேன். சம்மட்டிச் சத்தம் மேல்மண்ணில் போகும்போது ஊருக்குள் போகிற பஸ்மாதிரி, நின்று நின்று, இழுத்து இழுத்து. கீழே கெட்டியான அடுக்கு ஒன்று இருந்தால் சத்தம் அதற்குள் இறங்கி, அதிலேயே பறந்து, தூரத்தில் மறுபடி மேலே ஏறி வரும். பக்கத்துக் காதுகளுக்கு ஊருக்குள் வந்த பஸ் முதலில் போய்ச்சேரும், தூரத்துக் காதுகளுக்குப் பைபாஸ் பஸ் முந்திக்கொள்ளும். எந்தக் காதில் முந்துகிறதோ அந்த இடத்தில் வரைபடத்தில் கோடு ஒடியும். ஒடிகிற இடத்தை வைத்துக் கெட்டி எவ்வளவு ஆழத்தில் என்று கணக்குப் போட்டுவிடலாம். பதினொரு வருடம் எண்ணெய் தேடும் கம்பெனியில் இதைத்தான் செய்தேன், இதே டெல்டாவில், கொள்ளிடத்திலிருந்து கோடியக்கரை வரைக்கும் என் காது படாத வயல் இல்லை. ஆறு கொண்டுவந்து போட்ட மண் இருக்கிறதே, வெயிலில் வெடித்து, மழையில் ஊறி, வேர் துளைத்து நண்டு துளைத்துத் தளர்ந்துபோன மேல்மண், அதைக் கம்பெனியில் வெதரிங் என்பார்கள். எண்ணெய் தேடச் சம்மட்டி போதாது, வெடி வைத்துத்தான் சத்தம் எழுப்புவார்கள், அந்த வெடியை வெதரிங்குக்குள் புதைத்தால் சத்தம் பஞ்சில் குத்தினதுபோல் செத்துவிடும். அதனால் வெதரிங் எங்கே முடிகிறது என்று எல்லாருக்கும் முன்னால் போய்ப் பார்த்துச் சொல்லவேண்டும், அது என் வேலை. சத்தம் நொடிக்கு ஆயிரத்து அறுநூறு மீட்டர் ஓடும் இடம் வந்துவிட்டால் வெதரிங் முடிந்தது, அதுதான் கெட்டி, அதற்குக் கீழே வெடியைப் புதை. தமயந்தி சொன்ன ஆழத்தில் வெடி புதைத்தால் ரிக்கார்டு கண்ணாடிமாதிரி வரும் என்று பேர் வாங்கியிருந்தேன். ஆயிரத்து அறுநூறு என்ற எண்ணைப் பார்த்தால் எனக்கு மனசு லேசாகிவிடும், வேலை முடிந்தது, சாப்பிடப் போகலாம். பதினொரு வருடம் ஒரு எண்ணைப் பார்த்து மனசு லேசாகிப் பழகினால் அந்தப் பழக்கம் கம்பெனியை விட்ட பிறகும் கூடவே வரும், நாய்க்குட்டிமாதிரி. மூன்றாவது ஷாட்.

மூன்றாவதில் கொஞ்சம் தெளிந்தது. ஆனால் பதினேழாவது கோடு மட்டும் அடங்கவில்லை. சம்மட்டி விழுவதற்கு முன்னாலும் ஆடுகிறது, விழுந்து எல்லாம் அடங்கிய பிறகும் ஆடுகிறது. பதினேழாவது காது இருப்பது அந்த வடகிழக்கு மூலைத் தூணுக்குப் பக்கத்தில். "என்ன மேடம், அது மட்டும் துடிக்குது?" என்று சவரிமுத்து எட்டிப் பார்த்தார். "காத்துதான்" என்றேன். உடனே சொன்னேன், யோசிக்கவே இல்லை. காற்றுதான், மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி நிற்கிறது, புயலுக்காக நேற்றே அதை வழிய வழிய நிரப்பி வைத்திருக்கிறார்கள், தொட்டி ஆடினால் தூண் ஆடும், தூண் ஆடினால் காது கேட்கும், இதில் என்ன இருக்கிறது. நடுக்கம் என்றால் பயம் என்று அர்த்தமா. ஒருதடவை மன்னார்குடிப் பக்கம் ஒரு வாய்க்கால் கரையில் வேலை, நாலு ஷாட் பாக்கி, எதிரே ஒரு சாவு ஊர்வலம் வந்துவிட்டது. பறை, சங்கு, பாடை, பின்னால் ஐம்பது அறுபது பேர். நான் சிவப்புக் கொடியைக் காட்டி அசையாதீங்க என்றேன். யாரை நிறுத்துகிறோம் என்ற புத்திகூட இல்லை, பொழுது போய்க்கொண்டிருந்தது, அளவெடுக்கும் கோட்டை முடிக்கவேண்டும். அவர்கள் நின்றார்கள். அதுதான் இப்போது நினைத்தாலும் ஆச்சரியம், நின்றார்கள், பறைகாரர் குச்சியைப் பறைமேல் வைக்காமல் காற்றில் பிடித்தபடி, அழுதுகொண்டிருந்தவள் வாயில் முந்தானையை அடைத்தபடி, தூக்கியிருந்த நாலு பேரும் தோளில் கனத்தோடு. நாலு ஷாட் முடியும்வரை யாரும் மூச்சுவிடவில்லை. என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த மிகச் சுத்தமான ரிக்கார்டு அதுதான். ராத்திரி கேம்ப்பில் அதை எல்லாருக்கும் காட்டினேன், பாருங்கள், ஒரு துளி நடுக்கம் இல்லை. பாடைமேல் இருந்தது ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. ஏன் இப்போது அது ஞாபகம் வருகிறது, இவர்களும் அப்படித்தான் நிற்கிறார்கள், பாயும் பானையுமாக, என் கையைப் பார்த்துக்கொண்டு. வேண்டாம், அதை நினைக்காதே. நாலாவது. ஐந்தாவது.

ஐந்தைக் கூட்டியதும் கோடு ஒடிகிற இடம் தெரிந்தது. இரண்டாவது காது. நான் திரையை மறுபடி பார்த்தேன், இரண்டாவது. அது எப்படி, நாலு வருடத்துக்கு முன்னால் இதே இடத்தில் இதே கோட்டில் ஆறாவது காதில் அல்லவா ஒடிந்தது. ஆறாவதில் ஒடிந்தால் நாலரை மீட்டர், அதைத்தான் எழுதினேன். போர் போடும் வண்டி வாய்க்காலைத் தாண்டி வரமாட்டேன் என்றது, கையால் ஒரே ஒரு இடத்தில் மூன்று மீட்டர் துளைத்துவிட்டு விட்டுவிட்டார்கள், மிச்சத்தை மேடத்தின் ரீடிங் சொல்லட்டும் என்றார்கள், மேடத்தின் ரீடிங் சொன்னது. நாலரை மீட்டருக்குக் கீழே கெட்டி அடுக்கு உள்ளது, வேகம் ஆயிரத்து அறுநூறு. அந்த வரியை நம்பித்தான் தூண்களுக்குக் கீழே குட்டைக் கால்களாக நாலரை மீட்டருக்கு இறக்கி நிறுத்தினார்கள். இன்றைக்கு இரண்டாவது காதில் ஒடிகிறது என்றால் காது சரியில்லை, பிளக் லூசாக இருக்கும், ஈரம் போயிருக்கும். எழுந்து போய் இரண்டாவது காதை ஆட்டிப் பார்த்தேன். கெட்டியாக நின்றது. முழங்கால் வலித்தது. மண் கணுக்கால்வரை சொதசொதத்தது, போன வாரம் பெய்த மழையும் ஆற்றில் திறந்துவிட்ட தண்ணீரும் சேர்ந்து வயலெல்லாம் முட்டி நிற்கிறது. நண்டெல்லாம் வளையைவிட்டு மேலே வந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தன, பத்து இருபது, என்னைப் பார்த்தும் ஓடவில்லை. "எவ்வளவு நேரம்மா நிக்கிறது, புள்ள அழுவுது" என்று யாரோ கேட்டார்கள். "இன்னும் அஞ்சுதான்" என்றேன். சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. இந்தக் கட்டடத்தைக் கட்டிய ஆபீஸின் உதவிப் பொறியாளர், ஏ.இ. கஜபதியாகத்தான் இருக்கும். காலையிலேயே சொல்லிவிட்டார், "மேடம், முன்ன இருந்த மாதிரியே இருக்குன்னு ஒரு வரி, அது போதும், மூலை எறங்குனது மேஸ்திரி கோளாறுன்னு நாங்களே ஃபைல் பண்ணிக்கிறோம்." எடுக்கவில்லை. ஆறாவது.

ஏறி வந்திருக்கிறது. இந்த வார்த்தை எப்போது மனசுக்குள் வந்தது என்று தெரியவில்லை, வந்த பிறகு போகமாட்டேன் என்கிறது. ஆறையும் கூட்டியாயிற்று, வேகம் அதே ஆயிரத்து அறுநூறு, ஒரு மாற்றமும் இல்லை, அதே கெட்டி அடுக்கு, ஆனால் ஆழம் ஒன்றே கால் ஒன்றரை மீட்டர்தான். நாலரையில் இருந்தது ஒன்றரைக்கு ஏறி வந்திருக்கிறது. கெட்டித்தரை ஏறி வருமா. பாறை எழுந்து நடந்து வருமா. கணக்கில் பிழை, மறுபடி போடு. மறுபடி போட்டேன், அதேதான். ஏழாவது. அதேதான். கோடை, நாலு வருடத்துக்கு முன்னால் இங்கே வந்த அன்றைக்கு மே மாதம், வெயில் மண்டையைப் பிளந்தது, கிணற்றடியில்போய் நின்றேன், இதே பாக்கியமேரி, அப்போது கொஞ்சம் ஒல்லி, வாளியை விட்டுக்கொண்டே இருந்தாள், விட்டுக்கொண்டே இருந்தாள், "பத்து மொழம் கயிறு விடணும் மேடம், கை அத்துப்போவுது" என்றாள், நான் சிரித்தேன், அந்தத் தண்ணீரைச் செம்போடு தூக்கிக் குடித்தேன், உப்பில்லாத நல்ல தண்ணீர், இந்தப் பக்கத்தில் இப்படி ஒரு தண்ணீரா என்று பாராட்டினேன். பத்து முழம். இன்றைக்குப் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் அதே கிணறு, அதே செம்பு, "இப்ப மூணு மொழந்தான் மேடம், கொழந்தகூட எடுத்துரும்" என்றாள். மூணு முழம். பத்து முழம் எத்தனை மீட்டர், ஒரு முழம் நாற்பத்தைந்து சென்டிமீட்டர் என்றால், அந்தக் கணக்கைப் போடாதே, பத்து முழம் நாலரை மீட்டர். மூணு முழம் ஒன்று முப்பத்தைந்து. என் கையில் இருந்த செம்புத் தண்ணீரைத்தான் நான் கெட்டி அடுக்கு என்று எழுதியிருக்கிறேன். தண்ணீர் நிறைந்த மண்ணில், அது எவ்வளவு சேறாக இருந்தாலும், விரலை விட்டால் இறங்குகிற களியாக இருந்தாலும், சத்தம் ஆயிரத்து ஐந்நூறு அறுநூறில்தான் ஓடும். மண்ணில் ஓடவில்லை, தண்ணீரில் ஓடுகிறது. சத்தத்துக்குத் தண்ணீரும் பைபாஸ்தான். இது எனக்குத் தெரியாதா, தெரியும், புத்தகத்தில் முதல் பாடத்திலேயே இருக்கிறது, பரீட்சைக்குப் படித்து எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் வெடி புதைக்கிறவனுக்குத் தண்ணீர் வந்தால் போதும், அங்கே வெதரிங் முடிந்தது என்று எழுதலாம், பதினொரு வருடம் அப்படி எழுதி எழுதி, அதே கையால் கட்டடத்துக்கும் எழுதிவிட்டேன். கட்டடம் வெடி இல்லை. கட்டடம் தண்ணீரின் மேல் நிற்காது.

எட்டாவதற்குக் கையைத் தூக்கினேன், சம்மட்டி விழுந்தது, எனக்கு உதை தெரியவில்லை. யோசி. நிதானமாக யோசி. யாருக்குத் தெரியும் இது. கஜபதிக்குத் தெரியாது, அவருக்கு ஒரு வரி போதும். சவரிமுத்து திரையைப் பார்த்தாலும் புரியாது. ஊருக்கு ஏற்கெனவே ஒரு சிமெண்டுத் திருடன் இருக்கிறான். நான் எழுதிய மூன்று பக்கத்தை இனிமேல் யாரும் திறக்கப்போவதில்லை. கட்டடம் விழும் என்று என்னால் சொல்லமுடியுமா, முடியாது, நாலு வருடம் நின்றிருக்கிறது, இரண்டு விரல்தான் இறங்கியிருக்கிறது, இன்னும் நாற்பது வருடம்கூட நிற்கலாம். விழும் என்று சொன்னால் பொய்யாகிவிடலாம், ஆனால் நிற்கும் என்று சொன்னேனே, அதுதான் பொய். அடியில் களி, அதில் தண்ணீர் முட்ட முட்ட ஏறி நிற்கிறது, மேலே வழிய வழிய ஒரு தொட்டி, ராத்திரி அறுநூறு பேர், எல்லாரும் காற்றுக்குப் பயந்து மேற்குப் பக்கத்து அறையைவிட்டுக் கிழக்குப் பக்கம் ஒதுங்கினால், அந்த மூலையில் முந்நூறு பேர் சுவரோடு சுவராகச் சாய்ந்தால். நிறுத்து. ஒன்பதாவது. அசையாதீங்க. அசையாமல் நிற்கிறார்கள். அந்தப் பிள்ளை அழுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறது. நான் சொன்னால் நிற்கிறார்கள், நான் சொன்னதால்தான் கட்டினார்கள், நான் சொன்னால் உள்ளே போவார்கள், எவ்வளவு நம்பிக்கை என்மேல், எனக்கு ஓவென்று அழவேண்டும்போல் இருந்தது. திரையில் ஒன்பதையும் கூட்டிய கோடு சுத்தமாக இருந்தது. அந்தச் சாவு ஊர்வலத்துக்குப் பிறகு இவ்வளவு சுத்தமாக நான் பார்த்ததே இல்லை.

சவரிமுத்து பத்தாவதற்குச் சம்மட்டியைத் தூக்கித் தோளுக்குமேல் பிடித்துக்கொண்டு என் கையைப் பார்த்தார். கை எழவில்லை. காற்று ஓய்ந்திருந்தது, நல்ல இடைவெளி, இதைவிட நல்ல இடைவெளி கிடைக்காது. "மேடம்" என்றார். "கீழ வைங்க" என்றேன். எழுந்து நின்றேன். லேப்டாப்பை மண்ணிலேயே வைத்துவிட்டேன். "நடங்க" என்று கத்தினேன். யாருக்கும் புரியவில்லை, இருபது நிமிடமாக அசையாதே அசையாதே என்றவள் நடங்க என்கிறாள், இன்னும் அப்படியே நின்றார்கள். "யாரும் உள்ள போகவேணாம், உள்ள இருக்கறவங்களும் வெளிய வாங்க, மணல்மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருங்க, இப்பவே, வெளிச்சம் இருக்கும்போதே." பாக்கியமேரி சாவிக்கொத்தோடு முன்னால் வந்தாள். மணல்மேடு மேற்கே மூன்று கிலோமீட்டர், மாதா கோயில் பள்ளிக்கூடம், பழைய கான்கிரீட், இந்தக் கட்டடம் வருவதற்கு முன்னால் இவர்கள் அங்கேதான் ஒதுங்குவார்கள், இடம் போதாது, நெருக்கியடித்து உட்காரவேண்டும், ஆனால் நாற்பது வருடமாக நிற்கிறது, அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று நான் பார்த்ததில்லை, அதுவே அதற்கு நல்லது. "யாரு சொன்னா மேடம், ஆபீஸ்லேர்ந்தா?" என்றாள். "நான் சொல்றேன்." அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நாலு வருசத்துக்கு முன்னாடியும் நீங்கதானே சொன்னீங்க." கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இப்படி இருந்திருக்காது. "ஆமா, நான்தான் சொன்னேன், தப்பாச் சொல்லிட்டேன். உங்க கிணத்துக் கயிறு, அன்னிக்குப் பத்து மொழம், இன்னிக்கு மூணு மொழம். நான் எந்த ஆழத்துல கெட்டித்தரைன்னு எழுதினேனோ அது அன்னிக்குப் பத்து மொழம், இன்னிக்கு மூணு மொழம்." நான் ஏதோ உளறுவதுபோல் எனக்கே இருந்தது. ஆனால் தினமும் கயிறு விடுகிறவளுக்கு அது உளறலாகப் படவில்லை. அவள் முகம் மெல்ல மாறியது. "அப்ப நீங்க தண்ணியத்தான் தரைன்னு எழுதுனீங்களா?" "ஆமா." தம்பியைத் திரும்பிப் பார்த்தாள், அவர் சம்மட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். அப்புறம் கட்டடத்தைப் பார்த்து நடந்தாள், "ஏய் எல்லாம் பாயச் சுருட்டுங்க, கெழடுகட்டையெல்லாம் டிராக்டர்ல ஏத்து, மணல்மேட்டுக்கு, நட நட நட" என்று அவள் போட்ட சத்தத்தில் என் சத்தமெல்லாம் ஒன்றுமே இல்லை.

கால்கள். குனிந்து லேப்டாப்பை எடுத்தபோது திரை முழுக்கக் கால்கள், நிறுத்த மறந்திருந்தேன், இருபத்துநாலு கோடும் குதிக்கின்றன, ஓடுகிற கால், இழுத்து நடக்கிற கால், டிராக்டர், ஆடு. இத்தனை வருடம் இதைத்தான் குப்பை என்று அழித்துக்கொண்டிருந்தேன். அழிக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். மேற்குப் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போனது. தூறல் விழ ஆரம்பித்தது. கஜபதி மறுபடி கூப்பிட்டார், இந்தத் தடவை எடுத்தேன், "முன்ன இருந்த மாதிரியே இருக்குன்னு எழுதமுடியாது, முன்னயும் அப்படி இல்ல" என்றேன், அவர் கத்த ஆரம்பித்தார், வைத்துவிட்டேன். இனி எனக்கு இந்த வேலை இருக்காது. அது பயமாகத்தான் இருந்தது, ஆனால் மற்ற பயத்துக்கு முன்னால் அது சின்னதாக, ஓரமாக, வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சவரிமுத்து மட்டும் போகவில்லை. சம்மட்டிக் காம்பிலிருந்து ஒயரை அவிழ்த்து, பத்திரமாகச் சுற்றி, என் பையில் வைத்தார். "அந்த மூலைக்கு நான் கம்பி கூடத்தான் போட்டேன் மேடம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம். "தெரியும்" என்றேன். "ஒங்களுக்குத் தெரிஞ்சு என்ன மேடம். எழுதிக் குடுங்க." ரீடிங் எழுதும் அட்டையிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, முதுகைக் காட்டி மழையை மறைத்துக்கொண்டு எழுதினேன். இந்தக் கட்டடத்தின் மூலை இறங்கியதற்குக் காரணம் சிமெண்டு இல்லை, மேஸ்திரி இல்லை, நான் தண்ணீரைக் கெட்டித்தரை என்று தவறாக எழுதிக் கொடுத்ததுதான். பெயர், கையெழுத்து, தேதி, நேரம். நாலு வருடத்துக்கு முன்னால் போட்ட அதே கையெழுத்து. அவர் எழுத்துக் கூட்டி ஒருதடவை படித்தார், உதடு அசைந்தது, அப்புறம் மறுபடி ஒருதடவை படித்தார், சட்டைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து அதில் மடித்து வைத்தார். கண் கலங்கியிருந்தது, மழையாகவும் இருக்கலாம், நான் உற்றுப் பார்க்கவில்லை, எனக்கு அந்த உரிமை இல்லை.

கேபிளைச் சுருட்டவேண்டும், லேப்டாப்பை மூடவேண்டும். மூடுவதற்கு முன்னால் பழக்கதோஷம், "அசையாதீங்க" என்றேன், ஒரே ஒரு ஆளிடம். அவர் நின்றார். நானும் நின்றேன். ஊர் போய்விட்டது, டிராக்டர் சத்தம் போய்விட்டது, காற்றுகூட ஓய்ந்து தூறல் நூல்நூலாக நேராக இறங்கிக்கொண்டிருந்தது. மொட்டைமாடியில் தொட்டியோரம் கட்டியிருந்த புயல் எச்சரிக்கைக் கொடி ஆடாமல் தொங்கிப்போய்க் கிடந்தது. கோடுகள் ஒவ்வொன்றாக அடங்கின, ஒன்று, இரண்டு, பத்து, பதினைந்து, எல்லாம் படுத்துவிட்டன. மூலைத் தூணோரம் இருந்த பதினேழாவது மட்டும் படுக்கவில்லை. ஆடி, நின்று, மறுபடி ஆடியது. முன்பைவிடப் பெரிதாக ஆடியது. சவரிமுத்து என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார்.

"காத்தா மேடம்?"

"இல்ல" என்றேன். கேபிளை அப்படியே போட்டுவிட்டு நடந்தோம்.